நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி: ஐஇஎல்டிஎஸ், ஓஇடி பத்தி ஒரு த்ரெட்

1/ போன வாரம் நைட் டூட்டி. வார்டு சிஸ்டர் ஒருத்தங்க தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "சார், 3 லட்சம் குடுத்தா பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. குடுக்கலாமா?" அவங்க அம்மா சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில கூலி. அந்தப் பணம் எந்த நகையை வச்சு வரும்னு எனக்குத் தெரியும்.

2/ பதில்: கூடவே கூடாது. பதிவு பண்ற அமைப்பு உங்க மதிப்பெண்ணை ஆன்லைன்ல நேரா சரிபார்க்கும். போலின்னு தெரிஞ்சா பணத்தோட, அந்த நாட்டுக்குப் போற வாய்ப்பும் போயிடும்.

3/ சிஸ்டர் ஏன் அந்த ஆள்கிட்ட போனாங்க? பிரிட்டன்ல நர்ஸா பதிவு பண்ண ஐஇஎல்டிஎஸ்ல லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7, ரைட்டிங்ல 6.5 வேணும். ரெண்டு தடவையும் அவங்களுக்கு ரைட்டிங்ல 6. அரை மார்க்குதான். ஆனா ஒவ்வொரு தடவையும் கட்டணம் முழுசா கட்டணும்.

4/ இதுல நானும் அடிபட்டவன். பிளாப் எழுதலாம்னு ஆசைப்பட்டு ஐஇஎல்டிஎஸ் எழுதினேன். டாக்டருக்கு மொத்தத்துல 7.5, ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 7. எனக்கு ரைட்டிங் 6.5. காரணம் இங்கிலீஷ் இல்ல. கோச்சிங்ல குடுத்த பெரிய பெரிய வாக்கியங்களை மனப்பாடம் பண்ணி, கேள்வி எதுவானாலும் அதையே கொட்டிட்டு வந்தேன். பிளஸ் டூ பழக்கம்!

5/ மருத்துவத்துறைக்குன்னே ஓஇடி-ன்னு ஒரு தேர்வு இருக்கு. 12 தொழில்களுக்குத் தனித்தனியா ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும். வரைபட விளக்கம், பொதுக் கட்டுரை எல்லாம் கிடையாது. கேஸ் நோட்ஸ் குடுப்பாங்க, 45 நிமிஷத்துல ஒரு கடிதம் எழுதணும். நர்ஸுக்கு ரைட்டிங்ல 300, மத்த மூணுலயும் 350 போதும்.

6/ ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல்பிளே. நோயாளியோட பயத்தைக் காது குடுத்துக் கேட்டீங்களா? புரியற வார்த்தையில சொன்னீங்களா? புரிஞ்சுதான்னு திரும்பக் கேட்டீங்களா? இதுக்கெல்லாம் மார்க் உண்டு. அதே நைட்ல, தீக்காயத்தோட வந்தவரோட மனைவிகிட்ட இந்த சிஸ்டர் தரையில உக்காந்து இதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. தமிழ்ல.

7/ சுலபம்னு சொல்லல. கட்டணமும் ஐஇஎல்டிஎஸை விட அதிகம். அதனால:
- பணம் கட்டுறதுக்கு முன்னாடி இலவச மாதிரித் தேர்வு ஒண்ணு, கடிகாரம் வச்சு எழுதுங்க.
- போக நினைக்கிற நாடு எந்தத் தேர்வை ஏத்துக்குதுன்னு அதிகாரப்பூர்வ தளத்துல பாருங்க.
- தினம் ஒரு கடிதம் எழுதி யார்கிட்டயாவது திருத்தி வாங்குங்க. வீடியோ பாக்கிறது பயிற்சி ஆகாது.

8/ அரசுக்கு ஒரு வேண்டுகோள். 1978-லேயே தொடங்கின அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில இருக்கு. நர்ஸ்களை வெளிநாட்டுக்கு அனுப்புது. நல்ல விஷயம். ஆனா ஷிப்ட் பாக்கிற பொண்ணு வகுப்புக்காகச் சென்னையில தங்க முடியுமா? விருதுநகர்ல 2022-லயே மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. சாயங்காலம் ஒரு வகுப்பறை, ஒரு ஆசிரியர். அது போதும், ஏமாத்துறவங்க கடை காலியாகும்.

9/ "அரசு செலவுல பயிற்சி குடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பணுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆளு போனா முதல்ல கஷ்டப்படுறது எங்க வார்டுதான். ஆனா அவங்களை நிறுத்தி வைக்கணும்னா நிரந்தர வேலையும் நல்ல சம்பளமும் குடுங்க. பரீட்சையைச் சுவரா வச்சுத் தடுக்காதீங்க. நாட்டுக்கே காலண்டரும் நோட்டும் அச்சடிக்கிற ஊரு இது. அந்த நோட்டுல எழுதிப் படிச்ச பிள்ளைங்க எங்க போகணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.

10/ நேத்து சிஸ்டர் முதல் கடிதத்தை எழுதிட்டு வந்தாங்க. ஏழு தப்பு. சிவப்பு மையில திருத்திக் குடுத்தேன். அந்த ஆளுக்குப் பணம் போகல. உங்க ஊர்ல இப்படி யாராவது மாட்டிக்கிட்டு இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க.