தரகரே நீதிபதியா?

இணையச் சந்தையில் சரக்கு வாங்கி ஏமாந்தவர்களின் முறையீடு நம் தேசத்தில் அன்றாட விஷயமாகிவிட்டது. தீபாவளி விற்பனை என்றும் குடியரசு தின விற்பனை என்றும் பெரிய எழுத்துகளில் விளம்பரம் வந்த சில தினங்களுக்கெல்லாம் பிராதுகள் கிளம்புகின்றன. பட்டுப் புடவை கேட்டவருக்குச் சாயம் போன செயற்கை இழைப் புடவை வருகிறது. கைப்பேசி கேட்டவரின் பெட்டியில் சோப்புக் கட்டி இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், கெடு கடந்துவிட்டது என்று பதில் கிடைக்கிறது. பணத்தைக் கொடுங்கள் என்றால், அடுத்த தடவை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் வந்து சேருகிறது.

மறுபுறத்தில் விற்றவர்களின் ஓலமும் குறைந்ததன்று. புதிய சட்டையை அனுப்பினால், அது ஒரு கலியாணத்திற்குப் போய்வந்து, கழுத்துப் பட்டையில் வேர்வைக் கறையுடன் திரும்பி வருகிறது. நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, பழைய சரக்கை அதே பெட்டியில் அடைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. சரக்கும் கெட்டு, விலையும் வராமல், போக்குவரத்துக் கூலியும் தம் தலையில் விழ, சிறிய வியாபாரி திகைத்து நிற்கிறார்.

வாங்குபவர் விற்பவரை மோசக்காரர் என்கிறார்; விற்பவர் வாங்குபவரை அவ்வாறே சொல்கிறார். இரு தரப்பிலும் மோசக்காரர் சிலர் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்விருவருக்கும் நடுவே நின்று, ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் பெற்று, இருவருடைய வழக்கையும் தாமே தீர்த்து வைத்து, நஷ்டம் என்று வரும்போது மட்டும் தமக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்கும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி ஜனங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

வியாபாரம் நடக்கும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம். திருப்பூரில் பத்துத் தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பனியன் தைக்கும் ஒருவர், தமது சரக்கை இணையச் சந்தையில் விலைக்கு வைக்கிறார் என்று கொள்வோம். மதுரையில் ஒருவர் அதை 400 ரூபாய்க்குக் கேட்கிறார். அந்தப் பணம் நேரே திருப்பூருக்குப் போவதில்லை. முதலில் சந்தைக் கம்பெனியின் கையில் சேருகிறது. கம்பெனி தன் கமிஷனையும் அனுப்புகூலியையும் இதர கட்டணங்களையும் பிடித்துக்கொண்டு, தான் வகுத்த கெடுவில் மீதியைக் கொடுக்கிறது. எந்தச் சரக்கைத் திருப்பலாம், எத்தனை நாளில் திருப்பலாம், எந்தக் காரணம் செல்லும் என்ற ஷரத்துக்களை எழுதுவதும் அதே கம்பெனிதான். மதுரைக்காரர் சரக்கு சரியில்லை என்றால், அது மெய்யா பொய்யா என்று தீர்மானிப்பதும் அதுவே. திருப்பூர்க்காரர் அப்பீல் செய்ய விரும்பினால், அப்பீலைக் கேட்பதும் அதுவே. தரகர், பொக்கிஷதார், சட்டசபை, நீதிபதி ஆகிய நான்கு ஸ்தானங்களும் ஒரே நபரிடத்தில் குவிந்திருக்கின்றன. எந்த நாகரிக தேசத்தின் நியாய ஸ்தலத்திலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரக்கைத் திருப்பிக் கொடுப்பது வாங்குபவருக்குக் காட்டும் சலுகை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கடைவீதிக்குப் போகிறவர் துணியைக் கையால் தடவிப் பார்க்கிறார்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்; பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வருகிறார். இணையத்தில் வாங்குபவருக்குப் படம் ஒன்றுதான் உண்டு. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கு அப்போதே வழி செய்திருக்கிறது. வர்ணனையைக் கொண்டு விற்கும் சரக்கு அந்த வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று 15-வது பிரிவு கூறுகிறது. முன்னால் பரீட்சித்துப் பாராத சரக்கை, பரீட்சித்துப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரையில் வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதலாகாது என்பது 41-வது பிரிவு. ஆகவே, வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்து, சொன்னபடி இல்லாத சரக்கைத் திருப்புகிறவர், கடையில் செய்திருக்க வேண்டிய காரியத்தையே வீட்டில் செய்கிறார்.

அதே சட்டத்தின் 42-வது பிரிவையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். சரக்கு இன்னமும் விற்பவருடையதே என்ற நிலைக்கு முரணான எந்தக் காரியத்தையும் வாங்குபவர் செய்துவிட்டால், அல்லது நியாயமான காலத்திற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டால், அவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார். புடவையை விசேஷத்திற்கு உடுத்திவிட்டு மறு வாரம் திருப்புகிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. இந்த அளவுக்கு இரு தரப்பாருக்கும் நியாயம் வழங்கும் சட்டம் ஒன்று நம்மிடம் வெகு காலமாகவே இருந்து வருகிறது.

புதிய சட்டங்களும் இல்லாமலில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் இணைய வர்த்தக விதிகளும் வெளியாயின. குறையுள்ள சரக்கையும், போலிச் சரக்கையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சரக்கையும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த சரக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்கலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன; தாமதம் மனித சக்திக்கு மீறிய காரணத்தால் நேர்ந்தால் மட்டும் விலக்கு உண்டு. பிராது கிடைத்த 48 மணி நேரத்திற்குள் ஒப்புகை அனுப்பி, ஒரு மாதத்திற்குள் பரிகாரம் செய்ய வேண்டும் என்பதும் விதி. ஆனால் ஒப்புக்கொண்ட பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்ற இடத்தில், ரிசர்வ் பாங்கு முதலியவற்றின் ஏற்பாட்டைச் சுட்டியதோடு, நியாயமான காலத்திற்குள் என்ற நீண்டு கொடுக்கும் வார்த்தையோடு விதி நின்றுவிடுகிறது. சரக்கில் குறையொன்றும் இல்லாமல், மனம் மாறியதற்காக மட்டும் திருப்பும் உரிமையும் இதில் இல்லை. ஐரோப்பிய யூனியனில் அதற்கு 14 நாள் அவகாசமும் சீனாவில் 7 நாள் அவகாசமும் சட்டத்திலேயே உண்டு. இங்கே அது கம்பெனியின் தயவைப் பொறுத்தது. இன்று கொடுத்ததை நாளை எடுத்துவிடலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அந்நிய மூலதனம் பெருமளவில் உள்ளே வந்தால் நம் சிறிய கடைக்காரர்கள் நசித்துப்போவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக இந்திய சர்க்கார் 2016-ல் ஒரு வேலி போட்டார்கள். சில விலக்குகள் நீங்கலாக, அந்நிய மூலதனம் கொண்ட கம்பெனி தன் சொந்தச் சரக்கை இணையத்தில் நேரே ஜனங்களுக்கு விற்கலாகாது; பிறர் விற்பதற்குச் சந்தை மட்டும் நடத்தலாம் என்பது அந்த வேலி. சுதேசி வியாபாரத்தில் அக்கறையுள்ள எவரும் அதை வரவேற்பர். அமெரிக்க வால்மார்ட் கம்பெனி 2018-ல் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து, பெங்களூரில் பிறந்த பிளிப்கார்ட்டில் 77 சதவிகிதப் பங்கை வாங்கியதைக் கண்டவர்களுக்கு வேலியின் அவசியம் விளங்கும்.

ஆனால் அந்த 2016-ம் வருஷத்து அறிக்கையிலேயே மற்றொரு வாசகமும் புகுந்தது. சரக்கை ஒப்படைப்பதும் வாங்குபவரைத் திருப்தி செய்வதும் விற்பவருடைய பொறுப்பு. சரக்குக்கான உத்தரவாதமும் அவரைச் சேர்ந்ததே என்பது அதன் சாரம். இதோடு, 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இடையில் நிற்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பலன் என்ன? சிறிய வியாபாரியைக் காக்கப் போட்ட வேலி, பெரிய கம்பெனிக்குக் கேடயமாகிவிட்டது. வாங்குபவரிடத்தில், நாங்கள் சந்தை நடத்துகிறவர்கள் மாத்திரமே, விற்றவரைக் கேளுங்கள் என்று சொல்ல முடிகிறது. விற்பவரிடத்தில், வாங்குபவர் திருப்தியடையவில்லை, அது உமது பொறுப்பு என்று பணத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. அதிகாரம் முழுவதும் ஒருவரிடத்தில், ஜவாப்தாரி முழுவதும் மற்றொருவரிடத்தில் என்ற இந்த ஏற்பாட்டை அந்நிய ஆட்சிக் காலத்தில் நம் தேசம் நன்றாக அனுபவித்து அறிந்திருக்கிறது.

அதிகாரிகள் மனம் வைத்தால் இந்தக் கேடயத்தை விலக்க முடியும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. தரக் கட்டுப்பாட்டு உத்தரவுக்குப் பொருந்தாத பிரஷர் குக்கர்கள் அமெஸான் சந்தையில் விற்கப்பட்டன என்பதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அக்கம்பெனிக்கு ஒரு லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்கும் செய்தி அனுப்பி, சரக்கைத் திரும்பப் பெற்று, விலையைக் கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் வருமானம் பெறுகிறவர், அதில் தொல்லை விளைந்தபோது மட்டும் விலகிக்கொள்ள முடியாது என்பதே அவ்வுத்தரவின் கருத்து. அபராதம் அற்பமே, ஆயினும் தத்துவம் சரியானது.

விற்பவருடைய நிலைமையோ இன்னும் பரிதாபகரமானது. வாங்குபவருக்காவது நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. வியாபார நோக்கத்தோடு செய்தது என்ற காரணத்தால், விற்பவர் பொதுவாக அச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். 400 ரூபாய்ச் சட்டைக்காக அவர் சிவில் கோர்ட்டுக்குப் போவதும் நடக்கிற காரியமன்று. இப்படிப்பட்ட சில்லறை நஷ்டங்கள் நூறு சேர்ந்தால் ஒரு தொழிற்சாலை மூடப்படுகிறது. பத்துத் தையற்காரர்கள் வேலையிழக்கிறார்கள்.

இதை முற்றவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சீன தேசத்தைப் பார்க்கலாம். சரக்கைத் திருப்பாமலே பணத்தை மட்டும் திருப்பும் முறையை அங்கே பின்துவோதுவோ என்னும் சந்தை 2021-ல் ஆரம்பித்தது. போட்டிக் கம்பெனிகளும் பின்பற்றின. கம்பெனிகள் கொடை வள்ளல்களாக விளங்கின. கொடுத்த பணமோ வியாபாரிகளுடையது. 2024 ஜூலையில், அதே குழுவைச் சேர்ந்த டெமுவின் குவாங்ஜோ நகர அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான வியாபாரிகள் திரண்டு, தங்கள்மீது சுமத்தப்பட்ட அபராதங்களை ஆட்சேபித்தனர். பிறகுதான், 2025 ஏப்ரலில், அம்முறையைக் கைவிடப் பெரிய சந்தைகள் இணங்கியதாகச் செய்தி வந்தது. அதே சீனச் சட்டத்தில் நாம் கற்கத்தக்க நல்ல ஷரத்தும் உண்டு: விற்பவருடைய மெய்யான பெயரையும் விலாசத்தையும் கொடுக்க முடியாத சந்தை, வாங்குபவரின் நஷ்டத்தைத் தானே ஈடுகட்ட வேண்டும்.

சந்தைக் கம்பெனிகளின்மீது ஜவாப்தாரியைச் சுமத்தினால் சரக்கின் விலை ஏறும், சிறிய வியாபாரிகளைச் சேர்க்கவே தயங்குவர் என்று ஆட்சேபிப்பார்கள். இதில் ஓரளவு உண்மையிருக்கலாம். ஆனால் அந்தச் செலவு இப்பொழுதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. ஏமாந்த வாங்குபவரும் எதிர்த்துப் பேச முடியாத விற்பவரும் அதைச் செலுத்திவருகிறார்கள். மோசக்காரர் எவர் என்று கண்டுபிடிக்கும் கணக்குப் புத்தகங்கள் கம்பெனியிடம் இருக்கின்றன. தடுக்கும் சக்தி எவரிடம் இருக்கிறதோ அவரிடம் பொறுப்பையும் வைப்பதே நியாயம்.

ஆதலின் சர்க்கார் செய்ய வேண்டியவை சில உண்டு. விற்பவர் கைவிரித்தால் சந்தையே பணத்தைத் திருப்ப வேண்டும் என்னும் பின்துணைப் பொறுப்பு 2021 ஜூனில் வெளியான திருத்த நகலில் காணப்பட்டது. அந்த நகல் பிறகு பல காலம் கிடப்பில் கிடந்தது. அதைச் சட்டமாக்க வேண்டும். பணம் திரும்பும் கெடுவை நாட்கணக்கில் நிர்ணயிக்க வேண்டும். வாங்குபவர் எழுதிச் சம்மதித்தாலொழியக் கூப்பன் கொடுக்கலாகாது. திரும்பும் சரக்கை வாங்குபவர் வீட்டு வாசலிலேயே எடை பார்த்துப் படம் பிடித்து, அந்தச் சாட்சியத்தை இரு தரப்பாருக்கும் கொடுக்க வேண்டும். விற்பவருக்கு எதிரான தீர்ப்பு காரணத்தோடு எழுதப்பட வேண்டும். அதன்மேல் அப்பீல் கேட்பவர் கம்பெனியின் சம்பளக்காரராக இல்லாத மத்தியஸ்தராயிருக்க வேண்டும்.

அதுவரையில் ஜனங்கள் வாளாவிருக்கலாகாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் எவரும் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் ஜில்லா நுகர்வோர் கமிஷனில் கட்டணமின்றிப் பிராது கொடுக்கலாம், தாம் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், வக்கீல் அவசியமில்லை. விற்றவருடைய விலாசத்தை எழுதிக் கேட்டால் சந்தைக் கம்பெனி கொடுக்கக் கடமைப்பட்டது. இந்த உரிமைகளை உபயோகிப்பவர், உடுத்திய துணியைத் திருப்பாத நேர்மையும் உடையவராயிருப்பாரானால், அவர் குரலுக்கு மதிப்பு இரட்டிப்பாகும். மதுரைக்காரரும் திருப்பூர்க்காரரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும்வரையில், நடுவில் நிற்பவர் நிம்மதியாயிருப்பார். இருவரும் சேர்ந்து அவரைக் கணக்குக் கேட்கும் நாளில்தான் இந்தச் சந்தையில் நியாயம் பிறக்கும்.