காசு கட்டினால் ஆய்வாளர்

ஆய்வுப் படிப்பில் இருக்கும் தமிழ் மாணவர் யாரிடமாவது வாட்ஸ்அப்பைக் காட்டச் சொல்லுங்கள். "பன்னாட்டு ஆய்விதழ். ஐஎஸ்எஸ்என் எண் உண்டு. கட்டுரை ஐந்து பக்கத்துக்குள். இரண்டே நாளில் ஏற்புக் கடிதம். கட்டணத்தை ஜீபே செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்" என்கிற பாணியில் ஓர் அழைப்பாவது இருக்கும். அந்த இதழைப் பிரித்தால் குறுந்தொகைக்குப் பக்கத்திலேயே வங்கி மேலாண்மை. அட்டையில் மட்டும் மறக்காமல் போட்டிருப்பார்கள்: திறந்த அணுகல் இதழ்.

அந்தப் பெயரை இவர்கள் எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது. ஆய்வை யாரும் காசில்லாமல் படிக்கலாம், பகிரலாம், அதுவே திறந்த அணுகல் என்றது 2002இன் புடாபெஸ்ட் அறிக்கை. எழுதுகிறவர் பணம் கட்டியே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் வேரூன்றியது அறிவியல் துறைகளில். அங்கே ஆய்வுத்திட்ட நிதியிலேயே அந்தச் செலவையும் எழுதிவிடலாம். கல்வெட்டுப் படியெடுக்கப் போகிறவருக்கும் தாலாட்டுச் சேகரிக்கப் போகிறவருக்கும் பஸ் காசே சொந்தக் காசுதான்.

வேறு வழி உண்டா? உண்டு. 'லிங்குவா' 1949 முதல் வந்த மொழியியல் இதழ். வெளியிட்டது எல்செவியர். 2015இல் அதன் ஆசிரியர்கள் ஆறு பேரும் ஆசிரியர் குழுவில் இருந்த 31 பேரும் மொத்தமாக விலகினார்கள். குறைந்த செலவில் திறந்த அணுகலும், இதழின் உரிமையும் கேட்டிருந்தார்கள், நிறுவனம் இணங்கவில்லை. பெயர் நிறுவனத்திடம் தங்கிவிட்டது. ஆட்கள் வெளியே வந்து 'குளோசா' என்ற இதழைத் தொடங்கினார்கள். அதே 2015இல் மார்ட்டின் பால் ஈவும் கரோலின் எட்வர்ட்ஸும் 'ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹ்யூமானிடீஸ்' என்ற அமைப்பின் வழியாக இதழ்களை வெளியிடத் தொடங்கினார்கள். பல நாட்டு நூலகங்கள் ஆளுக்கொரு தொகை போடுகின்றன. எழுதுகிறவருக்கும் செலவில்லை, படிக்கிறவருக்கும் செலவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கிற அதே கணக்கு.

நம் அரசின் கணக்கு வேறு. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது; மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், பதிப்பகங்கள் முப்பது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இது நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. எந்த நிறுவனத்தையும் சேராமல் எழுதுகிறவர்கள் எப்போதும்போல வாசலில். தமிழில் ஒழுங்காக மதிப்பாய்வு செய்து ஓர் ஆய்விதழ் நடத்த நினைப்பவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் ஆய்விதழ்களுக்கு ஒரு தரப்பட்டியலை அறிவித்தது. 2025இல் அதைக் கைவிட்டது. பட்டியல் வந்தது, போனது. ஜீபே வியாபாரம் அப்படியே நடக்கிறது. கட்டுரையின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடும்வரை நடக்கும்.

1969இல் நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டுவந்தார். அவர் அமைத்த நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரைகளை வாசித்தார்கள், விவாதித்தார்கள், சண்டையும் போட்டிருப்பார்கள். அதுதான் மதிப்பாய்வு. இரண்டு நாளில் வரும் ஏற்புக் கடிதத்தில் யார் எதைப் படித்தார்கள்?

தமிழ்த்துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். துறைக்கு ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவை ஒதுக்குங்கள். பத்துத் துறைகள் சேர்ந்தால், கட்டணம் வாங்காத ஓர் இணைய ஆய்விதழ் நடக்கும். மதிப்பாய்வு செய்ய ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

எங்கள் பங்குக்கு, இந்த இதழ் தொடங்கி ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாக வைக்கிறோம். உரிமை எழுதியவருக்கே. அதற்காக யாரும் சந்தாவை நிறுத்திவிட வேண்டாம். அச்சகத்துக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.