ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால், சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகிற சாலையில் ஓரத்து மண் இளகிப்போகும். சுரபுன்னைக் காடு பார்க்க வெளியூர் கார்கள் வரிசைகட்டி வரும் சாலை அது. எங்காவது ஒரு கார் பஞ்சராகி ஓரங்கட்டி நிற்கும். பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்திருக்க, அப்பா ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சின்னக் காரே ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் வரும். அதைத் தூக்கும் ஜாக்கியின் அடித்தட்டோ உள்ளங்கை அகலம்தான். ஈர மண்ணில் அது ஒரு பக்கமாகப் புதையும், பிறகு சாயும். சாயத் தொடங்கிய காரை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே, அந்த டயரே வீணானாலும் பரவாயில்லை, கெட்டியான சமதரை வரைக்கும் மெல்ல உருட்டிக்கொண்டு போய்விடுங்கள். எல்லாரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியை கியரில் விட்டு, தூக்கப்போகும் சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்தின் இருபுறமும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் வண்டியே ஆடும். கழற்றும் நேரத்தில் ஸ்டெப்னியைப் படுக்கைவாட்டில் பாடிக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், உங்கள் கைமேல் அல்ல. டிக்கியில் ஒரு கனமான பலகைத் துண்டு கிடந்தால் ஜாக்கிக்கு அடியில் போட உதவும்.

நம் கடலோரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்புக்காற்று காரின் அடிப்பாகத்தை மெல்லத் தின்றுவிடும். ஜாக்கி கொடுக்கும் இடத்தில் துருப்பிடித்திருந்தால், தூக்கும்போது தகடு நொறுங்கி ஜாக்கி உள்ளே இறங்கிவிடும். ஸ்குரூடிரைவர் முனையால் அங்கே குத்திப் பாருங்கள். பொத்தென்று உள்ளே போனால் முதல் வேலை வெல்டிங் பட்டறையில்தான். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். ஆயில் மாற்றவோ சைலன்சர் பார்க்கவோ அடியில் படுப்பதென்றால் இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் படுக்கவே கூடாது.

2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2015 நவம்பரில் பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் நம்முடையது. தண்ணீரில் நின்ற காரைக் கண்டதும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை போகும். திருகாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுங்கள். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவேண்டாம். கம்பெனி ஆட்கள் வரட்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாதென்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் அவசரத்தில் திறந்துவிடுகிறோம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பீறிடும். சாவியை எடுத்த பிறகும் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும். தொளதொளத்த கைலியும் துப்பட்டாவும் அதன் பக்கத்தில் போகவேண்டாம். மழைக்காகக் கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவும் வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது; மயக்கம் வந்த பிறகு எழுந்து வெளியேற முடியாது.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள் பலர் நமக்கு உண்டு. மழைக்காலத்தில் உங்களிடம் வரும் வண்டிகளில் எதை முதலில் பார்க்கிறீர்கள், புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்