பந்தியில் கேளாத கேள்வி

சென்ற ஆண்டு ஒரு மாலை, யாழ்ப்பாணம் செல்லும் இரவு வண்டிக்காகக் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்திற் காத்திருந்தேன். வண்டி புறப்பட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலிருந்தது. வெளிச் சுவரோரமாகக் கடதாசி மட்டையொன்றை விரித்து அமர்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து என்முன் நின்றார். வயது ஐம்பதுக்கு மேலிராது. சட்டை அழுக்கேறியிருந்தது, ஆயினும் பொத்தான்களை ஒன்றுவிடாமற் பூட்டியிருந்தார்.

"ஐயா, சாப்பிட ஏதாச்சும் குடுங்க" என்றார்.

நான் சட்டைப் பையிற் கைவைத்தேன். நூறு ரூபாத் தாளொன்று விரலிற் பட்டது. ஆயினும் கை வெளியே வருமுன் வாய் முந்திக்கொண்டது.

"கைகால் சுகமாய்த்தானே இருக்குது? ஒரு வேலை செய்து பிழைக்கலாமே?"

அவர் விடை கூறவில்லை, சினக்கவுமில்லை. ஒரு கணம் என் முகத்தை நோக்கினார். பின்பு நீட்டிய கையை மடித்துக்கொண்டு போய்த் தம் மட்டையில் அமர்ந்தார். அந்த நூறு ரூபாவோடு இன்னுஞ் சிறிது சேர்த்து ஒரு பத்திரிகையும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு நான் வண்டியேறினேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியிலே தமிழ் கற்பித்தவன் நான். ஈகை என்னும் அதிகாரத்தைக் கரும்பலகையருகே நின்று எத்தனை முறை விரித்துரைத்திருப்பேன்! அன்றிரவு வண்டி அநுராதபுரம் தாண்டியும் எனக்கு உறக்கம் வரவில்லை. கொடாமல் வந்தது பெரிதன்று. கொடாதோர் ஆயிரம் பேர் அன்று அவரைக் கடந்து சென்றிருப்பர். என்னை உறுத்தியது அந்தக் கேள்விதான். அது என் வாயில் எங்கிருந்து வந்தது?

சிந்தித்துப் பார்க்குங்கால், அந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டென்று தோன்றுகிறது. 1841 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் ஆட்சி இந்நாட்டில் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக 'அலைந்து திரிவோர் சட்ட'த்தை இயற்றியது. உழைத்துப் பிழைக்க வல்லவராயிருந்தும் உழையாது பொதுவிடத்தில் நின்று இரப்பவரைச் சோம்பித் திரியும் ஒழுங்கீனர் என்று அச்சட்டம் வகுத்தது. 1824 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் வார்ப்பு அது. பின்பு 1907 இல், அலைந்து திரிவோரை அடைத்து வைப்பதற்கான தடுப்பு இல்லங்களுக்கெனத் தனிச் சட்டமொன்றும் வந்தது. வேடிக்கை என்னவெனில், 1841 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சாராரை மட்டும் விலக்கி வைத்தது. சமயக் கடமையின்பொருட்டு இரக்கும் குருமாரும் யாத்திரிகரும் குற்றவாளிகளாகார். கடவுளுக்காக இரந்தால் தவம். வயிற்றுக்காக இரந்தால் குற்றம்!

அந்த மூலச் சட்டத்தை நீக்குவதற்கு இங்கிலாந்தின் பாராளுமன்றமே 2022 இல் வழிசெய்துவிட்டது. ஆனால், ஏட்டிலுள்ள சட்டத்தை நீக்குவது எளிது. நெஞ்சிலே குடியேறிய நீதவானை இறக்குவது எளிதன்று. கோட்டை நிலையத்தில் என் வாயாற் பேசியவர் அந்த நீதவானே. ஒரு நூறு ரூபாவை முன்வைத்து ஒரு மனிதனின் உடலையும் உழைப்பையும் ஒழுக்கத்தையும் விசாரிக்க எனக்கு அதிகாரம் உண்டென்று நான் எண்ணிக்கொண்டேன்.

நம்மவர் கொடை அறியாதவரல்லர். வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கத் தெருவோரந்தோறும் சுமைதாங்கி நட்டவர்கள் நம் முன்னோர். வெயிற்காலத்திலே தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். ஆலய வீதிகளிலும் தீர்த்தக் கரைகளிலும் மடங்கள் கட்டினர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அங்கே பந்தியில் அமர்பவனைப் பார்த்து, "நீ உழைக்க வல்லவனா? இந்தச் சோற்றுக்குத் தகுதியுடையவனா?" என்று எவரும் கேட்பதில்லை. இலைமுன் இருப்பவனுக்குச் சோறு வரும். அவ்வளவே. அதே பந்தியில் உண்டெழுந்தவன் மறுநாள் பட்டணத்து பஸ் நிலையத்திற் கைநீட்டினால், அவனுக்குச் சோறு வருமுன் கேள்வி வருகிறது. உள்வீதியில் அடியவன், வெளிவீதியிற் சோம்பேறி! மனிதனும் பசியும் மாறவில்லை. கொடுக்கின்ற நாம்தான் மாறிவிடுகிறோம்.

பந்தியின் பெருமையைப் பேசுகையில் அதன் பழியையும் மறைத்தலாகாது. நம் பந்திகளும் ஒரு காலத்திற் கேள்வி கேட்டவையே. "நீ யார் எவர்?" என்று சாதி கேட்டன, கேட்டுச் சிலரை எழுப்பின, சிலரைப் படலைக்கு வெளியே இருத்தின. சமபந்தி, சம ஆசனம் என்பவற்றுக்காக யாழ்ப்பாணத்து வாலிபர்கள் 1920 களிலிருந்து குரலெழுப்ப வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் ஆலயத்தின் வாயிலில், உள்ளே சென்று வணங்கும் உரிமைக்காக மக்கள் போராடி நிற்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பந்தியிலிருந்து ஒரு கேள்வியை விரட்டிய சமூகம், தெருவிலே மற்றொரு கேள்வியைச் சிங்காசனம் ஏற்றலாமா?

மணிமேகலைக் காப்பியத்தை நம் மாணவர் பாடமாகப் படிக்கின்றனர். அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கொள்வாரும் உளர். அதிலே நமக்கொரு பெருமிதமும் உண்டு. அந்தப் பாத்திரத்தை ஏந்தியவள் சிறைக்கூடத்தினுள்ளே புகுந்து பசித்தோர்க்கு உணவிட்டாள். இவர் செய்த குற்றம் யாதென்று வினவினாளல்லள். பின்பு மன்னனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். காப்பியம் சிறையை அன்னசாலையாக்கிற்று; சட்டமோ இரப்பவனைச் சிறைக்கு அனுப்பிற்று. இவ்விரண்டில் எதன் வழிவந்தவர்கள் நாம் என்பதைத் தேர்வுத் தாளில் எழுதினாற் போதாது. தெருவில் நின்று விடை பகரவேண்டும்.

அன்பர்கள் சிலர் மறுப்புரைப்பர். அவர்களுடைய சொல் முற்றும் வெறுஞ் சொல்லன்று. "கொடுத்த காசு சாராயக் கடைக்குப் போகிறதே" என்பர். போகலாம். நாம் மாதச் சம்பளத்தை எண்ணி வாங்குகையில், அதனை எவ்வாறு செலவிடப் போகிறாய் என்று எவரேனும் கேட்டதுண்டா? அத்தனை ஐயமிருப்பின், காசுக்குப் பதில் ஒரு சோற்றுப் பார்சலோ, பாணும் தேநீருமோ வாங்கிக் கொடுக்கலாம். "இரப்பதைத் தொழிலாக நடத்தும் கூட்டங்கள் உள்ளனவே" என்பர். உண்டு. அவர்களைப் பிடிப்பது பொலிசாரின் பொறுப்பு. அதற்காகப் பசித்தவர் அனைவரும் தண்டனை அநுபவித்தல் நியாயமன்று. "உதவி சோம்பலை வளர்க்குமே" என்பர். கொதிக்கும் தார்த் தெருவிற் பகல் முழுதும் நின்று, நூறு பேர் முகத்தைத் திருப்புவதைக் கண்டு, சில சதங்களைத் திரட்டுவது சோம்பேறியாற் கூடிய காரியமோ என்று ஒரு நாளாவது நின்று பார்த்தவரே கூறவேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் நான் மறுப்பாளர் பக்கம் நிற்பேன். சிறு பிள்ளைகளை முன்னிறுத்தி இரக்கும்போது, நாம் இடும் காசு அப்பிள்ளையை மறுநாளும் தெருவுக்கு அனுப்பும் கூலியாகிவிடக் கூடும். அங்கே பிள்ளைக்கு உணவு கொடுக்கலாம். 1929 என்னும் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அங்கும் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் அதை இருத்தி வைத்தவர்கள், பிள்ளையன்று.

இவ்வளவும் பேசுவதற்கு எனக்கு வேறொரு காரணமுண்டு. நானும் ஒரு நாள் வீடற்ற அந்நியனாய்ப் பிறர் வாசலில் நின்றவன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவை வலிகாமத்து மக்கள் மறவார். ஒரே இரவிலே ஊர்கள் முழுவதும் எழுந்து செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தன. மழை பெய்தது. துவிச்சக்கர வண்டியில் ஒரு பெட்டியும் அதன்மேல் என் இளைய பிள்ளையும். பின்னே என் தாயாரைத் தாங்கியபடி மனைவி. பாலத்தடியில் அடிமேல் அடிவைக்கவும் இடமில்லை. விடிந்து வெகு நேரத்தின்பின் தென்மராட்சியில் ஒரு சிற்றூரை அடைந்தோம். அங்கே எமக்கு உறவில்லை, தெரிந்தவர் எவருமில்லை. ஒரு படலையருகே, உள்ளே போகக் கூசி நின்றோம்.

அன்று நான் திடகாத்திரன். கைகால் சுகமாயிருந்தது. அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியன். 'உழைக்க வல்லவன்' என்னும் சட்டத்தின் சொற்கள் எனக்கு அட்சரம் பிசகாமற் பொருந்தும். ஆயினும் சேற்றிற் புரண்ட வேட்டியுடன் படலையில் நின்ற என்னைக் கண்டு வந்த அந்த அம்மையார் எங்கள் ஊரையோ பேரையோ வினவவில்லை. என்ன சாதியென்று கேட்கவில்லை. எத்தனை நாள் தங்குவீர்கள் என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே.

"பிள்ளையள் சாப்பிட்டதோ?"

அன்று எங்களோடு மேலும் மூன்று குடும்பங்கள் அவ்வீட்டு விறாந்தையிலே படுத்தன. பெரிய பானையிற் கஞ்சி வைத்தார். அவருக்கும் அது செழிப்பான காலமன்று. அந்தக் கஞ்சியின் சுவை இன்று நினைவில் இல்லை. அந்தக் கேள்வியின் சுவையோ முப்பது ஆண்டுகள் கடந்தும் நாவிலுண்டு. கோட்டை நிலையத்தில் நான் கேட்டதும் கேள்வி. அவர் கேட்டதும் கேள்வி. ஒன்று எதிரே நின்று எடைபோடுவது. மற்றையது பக்கத்தில் வந்து அமர்வது. ஆகவே, கேள்வியே கேளாதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. எந்தக் கேள்வி என்பதே பேச்சு.

இரப்போனுடைய மலர்ந்த முகத்தைக் காணும்வரை இரக்கப்படுவதும் துன்பமே என்ற கருத்தை வள்ளுவர் ஈகை அதிகாரத்திலே வைத்திருக்கிறார். கொடுப்பவனுக்கு ஒரு தவிப்பு உண்டு. அவன் கண் பெறுபவனின் முகத்திலிருக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். நாமோ நாணயத்தைப் போடும்போது தகரத்தைப் பார்க்கிறோம். போடாதபோது வானத்தைப் பார்க்கிறோம். கையில் ஒன்றுமில்லாத நாளிலும், "இண்டைக்கு இல்லை ஐயா" என்று முகம் பார்த்துச் சொல்லலாம். அதற்குச் செலவில்லை.

தனி மனிதர் ஈயும் சில்லறையால் வீடின்மை தீராது என்பதையும் அறிவேன். முதியோர்க்குப் புகலிடமும், மனநோயுற்றோர்க்கும் மதுவுக்கு அடிமைப்பட்டோர்க்கும் மருத்துவமும், பூட்டில்லாத இராத் தங்குமிடங்களும் அமைப்பது அரசின் கடன். அதை நாம் கேட்டு வாங்கவேண்டும். ஆனால், அரசு செய்யட்டும் என்று சொல்லி இன்றிரவுப் பசியை ஒத்திவைக்க இயலாது. 2022 செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டினுள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அந்நாட்களில், நேற்றுவரை கொடுத்தவர்கள் பலர் இன்று வாங்குவோர் வரிசையில் நின்றதை நாம் கண்டோம். கொடுக்கும் கைக்கும் வாங்கும் கைக்கும் இடையிலுள்ள தூரம் நாம் எண்ணுவதிலும் மிகக் குறுகியது.

இரு மாதங்களின்பின் மீண்டும் கோட்டை நிலையத்துக்குச் சென்றேன். அந்தச் சுவரோரத்திலே வேறொருவர் படுத்திருந்தார், ஒரு முதியவர். பொத்தான் பூட்டிய சட்டைக்காரரைக் காணவில்லை. முதியவர் அருகிற் குந்தியிருந்து, "சாப்பிட்டீங்களோ ஐயா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். எதிர்க் கடையிலிருந்து இடியப்பமும் சொதியும் வாங்கி வந்து கொடுத்தேன். இது ஈகையன்று. தென்மராட்சியிற் பட்ட கடனில் ஒரு சிறு தவணை. மற்றவருக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் என்னிடம் இருக்கிறது.