குணமான பின்னும் இருமல்

காசநோய்க்கான மருந்தைக் குறித்த காலம் வரை உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்று உறுதியானவர் அரசின் பதிவேட்டில் குணமடைந்தவர். ஆனால், அவர்களில் பலருக்கு இருமலும் மூச்சிரைப்பும் விடுவதில்லை. நோய் விட்டுச்சென்ற வடுவால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, அங்கே தேங்கும் சளியில் மீண்டும் மீண்டும் தொற்று ஏற்படுவதே இதற்குக் காரணம்.

இந்தியாவின் 31 மையங்களில் 2,195 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 2019-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட ஆய்வு, மூச்சுக்குழாய் விரிவு நோய்க்கு நமது நாட்டில் முதன்மைக் காரணம் காசநோயே என்று தெரிவித்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அவ்வாறு பாதிக்கப்பட்டவர்கள்.

இந்தச் சளியை அகற்ற விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நிமிர்ந்து அமர்ந்து சற்று நேரம் இயல்பாகச் சுவாசிக்க வேண்டும். பிறகு மூன்று, நான்கு முறை ஆழமாக மூச்சிழுத்து, சில விநாடிகள் நிறுத்தி, மெல்ல வெளியிட வேண்டும். அதன்பின், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து 'ஹா' என மூச்சைத் தள்ள வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அடியில் தேங்கிய சளி மேலேறி வரும். ஆனால், இதை இயன்முறை மருத்துவர் நேரில் கற்றுத்தர வேண்டும்; சளியில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

கற்றுத்தர ஆள் எங்கே என்பதுதான் கேள்வி. கோவையை அடுத்த ஆனைகட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கு இப்பால் தமிழகம், அப்பால் கேரளத்தின் அட்டப்பாடி. இருபுறமும் வாழ்பவர்கள் இருளர் பழங்குடியினர். எரிவாயு உருளை வாங்கப் பணமில்லாத வீட்டில் விறகடுப்புதான் எரியும். அந்தப் புகையும் நுரையீரலைக் கெடுக்கிறது. மூச்சிரைப்பவர் பயிற்சிக்காக மலைப்பாதையில் நகரத்துக்கு அலைவது நடக்கக்கூடிய காரியமா?

வழி இல்லாமல் இல்லை. 2021-இல் தமிழகம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. கேரளத்தில் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கென 'ஸ்வாஸ்' திட்டம் உள்ளது. அட்டப்பாடியின் கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு மருத்துவமனை இயங்குகிறது.

காசநோய்ச் சிகிச்சை முடிந்தவரை இரண்டாண்டுகள் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. நோய் திரும்பியதா என்று பார்ப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. அதே பரிசோதனையில் நுரையீரலின் திறனையும் அளந்து, தேவைப்படுவோருக்குச் சளியகற்றும் பயிற்சியும் அளிக்க மத்திய அரசு உத்தரவிட வேண்டும். அதற்கேற்ப ஆரம்ப சுகாதார நிலையங்களில் இயன்முறை மருத்துவர்களை நியமிக்க நிதி ஒதுக்க வேண்டும். எல்லைப் பகுதிகளில் இரு மாநிலங்களும் பயிற்சியாளர்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கிருமியைக் கொன்றதோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. உயிர் பிழைத்தவர் தடையின்றி மூச்சுவிட வழிசெய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.