சொல்லும் பொருளும்: 'டவுட்'

ஆங்கிலச் சொல்லொன்றுக்கு நேரான தமிழ்ச் சொல் எளிதிற் கிடைத்துவிட்டால் மாணவர் மகிழ்ந்துபோகின்றனர். அந்த மகிழ்ச்சியே சில வேளைகளில் ஆபத்தாகிவிடுகின்றது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் 'டவுட்' அத்தகையதொரு சொல். 'சந்தேகம்' என்று அகராதி பொருள் கூறும், அது பிழையன்று. ஆயினும், நமது சந்தேகம் இருபுறமும் சாயும். ஆங்கிலேயரின் 'டவுட்' ஒரு புறமே சாயும்.

ஒருவருடைய துவிச்சக்கர வண்டி களவு போய்விட்டதென வைத்துக்கொள்வோம். அவர் பொலிஸ் நிலையத்துக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதுகின்றார். 'அடுத்த வீட்டுக்காரர் களவெடுத்திருப்பாரென்று சந்தேகிக்கின்றேன்' என்பது அவர் மனத்திலுள்ள வசனம். அதனை, 'ஐ டவுட் தட் மை நெய்பர் ஸ்டோல் இட்' என்று எழுதிவிடுகின்றார். ஆங்கிலம் நன்கறிந்த அதிகாரி இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வார்? 'அடுத்த வீட்டுக்காரர் களவெடுத்திருப்பாரென்று நான் நம்பவில்லை' என்றே விளங்கிக்கொள்வார். முறைப்பாடு நற்சாட்சிப் பத்திரமாகிவிட்டது!

இங்கே வரவேண்டிய சொல் 'சஸ்பெக்ட்'. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'அவனிலே எனக்கு ஐமிச்சம்' என்கின்றோமல்லவா? அதற்கு ஏற்ற சொல் இதுவே. நடந்திருக்கும் என மனம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. நடந்திராது எனச் சாய்ந்தால் 'டவுட்'.

ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்தைக் கற்கும் மாணவர் இவ்விடத்தே குறுக்கிடக்கூடும். அந்நாடகத்தில் இச்சொல், ஏதோ தீங்கு நடந்திருக்கும் என ஐயுறுதலையும் குறிக்கின்றது. உண்மையே, அது பழைய வழக்கு. ஸ்கொத்லாந்து மக்களின் பேச்சில் அவ்வழக்கு இன்னும் உண்டு. 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்று அங்கே ஒருவர் சொன்னால், மழை வந்துவிடும்போலிருக்கின்றது என்று பொருள். குடையை எடுத்துக்கொள்வதே நன்று. நமது பரீட்சைத் தாளுக்கு அவ்வழக்கு உதவாது.

வகுப்பறையிலே நாள்தோறும் கேட்பது, 'சேர், ஐ ஹாவ் எ டவுட்'. இந்தியாவிலும் இலங்கையிலும் இது பெருவழக்கு. நம்முள் எவரும் பிழையாக விளங்கிக்கொள்வதில்லை. ஆனால், இங்கிலாந்திலே விரிவுரையாளர் ஒருவரிடம் இவ்வாறு கூறினால், 'நான் சொன்னதை இம்மாணவர் நம்பவில்லைப் போலும்' என்று அவர் எண்ணக்கூடும். விளங்காததை வினவுவதற்கு 'குவெஸ்ச்சன்' என்னும் எளிய சொல்லே போதும்.

இனி எழுத்திலக்கணம். இச்சொல்லில் ஒலியாத 'பி' என்ற எழுத்து எதற்கு எனச் சிறுவர் கேட்பர். பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது இதில் அவ்வெழுத்து இருக்கவில்லை. பிரெஞ்சில் இன்றும் இல்லை. மூலமான இலத்தீன் சொல்லில் இருக்கின்றதே என்று கற்றவர்கள் பிற்காலத்தில் அதனை நுழைத்தனர். நா மட்டும் அதற்கு இணங்கவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் கதையும் அதுவே. இலத்தீன் மூலமோ 'இரண்டு' என்னும் எண்ணுப் பெயரோடு உறவுடையது. நாம் 'இருமனப்படுதல்' என்பதும் அதே கருத்தன்றோ?

கடைசியாக, 'நோ டவுட்'. 'சந்தேகமேயில்லை' என்ற உறுதி இதற்கு உண்டென்று பலர் எண்ணுகின்றனர். அந்த அளவு உறுதி பெரும்பாலும் இதற்கில்லை. 'நோ டவுட் ஹீ இஸ் க்ளெவர்' என்று ஆங்கிலேயர் தொடங்கினால், 'கெட்டிக்காரன்தான், ஆனால்...' என்று அடுத்து ஒரு குறை வரப்போகின்றது என்று காத்திருக்கலாம். நீதிமன்றத்திலே சாட்சி சொல்வோர் ஐயத்துக்கு இடமின்றிப் பேச விரும்பினால் 'விதவுட் டவுட்' என்றே கூறுவாராக.