மலையைத் தோண்டறதுக்கு முன்னாடி யாரைக் கேட்கணும்?

சவுத் பே-யில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ராஞ்சோ சான் அன்டோனியோவுக்கு ஒரு தடவையாவது நடக்கப் போகாதவங்க குறைவு. டியர் ஹாலோ பண்ணையில் குழந்தைக்கு ஆட்டையும் கோழியையும் காட்டிட்டு, இன்னும் கொஞ்சம் மேலே ஏறினீங்கன்னா பக்கத்து மலையில் பெரிய வெட்டுக்காயம் மாதிரி ஒண்ணு தெரியும். அதுதான் பெர்மனென்டே குவாரி. சுண்ணாம்புக்கல். 1939-ல் ஹென்றி கைசர் ஷாஸ்தா அணைக்கு சிமெண்ட் கொடுக்க ஒப்பந்தம் எடுத்துத் தொடங்கின இடம். பக்கத்தில் ஓடற பெர்மனென்டே ஓடையின் பேரைத்தான் பின்னாடி தன் மருத்துவத் திட்டத்துக்கும் வைத்தார். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற கைசர் பெர்மனென்டே கார்டில் இருப்பது இந்த ஓடையோட பேர்தான்.

இந்த மாசம் சுரங்கத்தைப் பற்றி எழுதறேன்னு சொன்னதும் வீட்டில் சிரிச்சாங்க. "ஸ்கூல் அட்மிஷன், தமிழ்ப் பள்ளி, காலேஜ் எஸ்ஸே எல்லாம் தீர்ந்து போச்சா?" தீரலை. ஆனால் குபர்டினோவில் ஸ்கூலைப் பார்த்து வீடு வாங்கின பல பேருக்கு, அந்த ஸ்கூலுக்குச் சில மைல் தூரத்தில் சிமெண்ட் சூளை ஒண்ணு எழுபது எண்பது வருஷமா எரிஞ்சதே தெரியாது.

சுண்ணாம்புக்கல்லில் இயற்கையிலேயே கொஞ்சம் பாதரசம் இருக்கும். கல்லைச் சூளையில் சுட்டால் அது காற்றில் கலக்கும். குவாரியில் தேங்கற தண்ணீரை வெளியே இறைத்தால் கல்லில் இருந்த செலினியம் அதோடு சேர்ந்து ஓடைக்குப் போகும். அளவு கூடினால் மீன் குஞ்சுகளும் பறவைக் குஞ்சுகளும் ஊனமாகப் பிறக்கும். அந்த ஓடை லாஸ் ஆல்டோஸ், மவுண்டன் வியூ தாண்டி, கூகுள் அலுவலகங்கள் இருக்கிற பக்கமாகப் போய் வளைகுடாவில் கலக்கிறது. முதலில் அக்கம்பக்கத்து ஆட்கள்தான் ஒண்ணு சேர்ந்து கேள்வி கேட்டாங்க. பலர் ஓய்வு பெற்றவங்க, சிலர் சின்னக் குழந்தைகளோட அம்மாக்கள். பிறகு சியரா கிளப் வழக்குப் போட்டது. 2015-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. 25 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம், அது போக 50 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் அமைப்பு.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேற ஒண்ணு. 2011-ல் சான்டா கிளாரா கவுன்டி, இந்தக் குவாரியின் பெரும்பகுதிக்குப் பழைய உரிமை இருக்குன்னு தீர்மானித்தது. அதாவது அனுமதிச் சட்டம் வருவதற்கு முன்பே தோண்ட ஆரம்பிச்ச இடம், அதனால் புதுசா அனுமதி கேட்க வேண்டாம். அப்போ ஊர் ஜனம் எங்கே போய்ப் பேசறது? ஒரே வாசல்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் 1975-லிருந்து ஒரு சட்டம் இருக்கு. தோண்டுகிறவர் முடிச்சதும் நிலத்தை எப்படிச் சீர்செய்வார்னு முன்கூட்டியே திட்டம் கொடுக்கணும், அதற்கான பணத்துக்கு உத்தரவாதமும் கட்டணும். அந்தத் திட்டத்தை மாற்றணும்னா பொது விசாரணை உண்டு. 2019-ல் இன்னொரு பகுதியையும் தோண்டி, மலையின் மேல்விளிம்பையும் குறைக்க நிறுவனம் விண்ணப்பித்தது. அந்த விளிம்பைத் தொடக் கூடாதுன்னு 1972-லேயே கவுன்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க! அந்தப் பழைய பத்திரத்தைத் தோண்டி எடுத்தது ஒரு வக்கீல் கூட்டம்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி விஷயங்களில் பொறுமையா ஃபைல் படிக்கிற ரெண்டு மூணு பேர் எல்லா ஊரிலும் உண்டு, அவங்களால்தான் பாதி வேலை நடக்குது.

2020-ல் சூளை நின்றது. 2022 நவம்பரில் இனி அங்கே சிமெண்ட் தயாரிக்கப் போவதில்லைன்னு நிறுவனமே அறிவித்தது. 2023-ல் கவுன்டி அதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக்கியது. மிச்சம் இருப்பது குழி. எதை வைத்து மூடறது? வெளியிலிருந்து மண் கொண்டு வந்தால் லாரி லாரியா நம்ம தெருவழிதான் போகணும். உள்ளேயே குவித்து வைத்திருக்கிற கழிவுக் கல்லைப் போட்டால் தண்ணீருக்கு என்ன ஆகும்?

இந்தக் கதையை வீட்டில் சொன்னப்போ ஏழாவது படிக்கிற என் பொண்ணு கேட்டா: "ஓகே, ஆனா சிமெண்ட் எங்கிருந்து வரும்?"

சரியான கேள்வி. நம்ம கிச்சனை இடிச்சுக் கட்டும்போது சிமெண்ட் வராமலா இருந்தது? வேற எங்கேயோ, வேற யாரோ வீட்டுப் பக்கத்தில் தோண்டறாங்க. நம்ம கொல்லைப்புறத்தில் நின்னுடுச்சுன்னு கைதட்டிட்டுப் போறதை நான் பெரிய வெற்றியாகச் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பதிலாகச் சொன்னது மொன்டானாவில் இருக்கிற ஸ்டில்வாட்டர் சுரங்கம். பல்லேடியம், பிளாட்டினம் எடுக்கற இடம். நம்ம தெருவில் ராத்திரியோட ராத்திரியா பிரியஸ் காரின் அடியில் படுத்துத் திருடிட்டுப் போறாங்களே, அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ளே இருக்கிற உலோகம். அங்கே பண்ணைக்காரர்கள் எதிர்த்தாங்க. கடைசியில் 2000-ல் மூணு உள்ளூர் அமைப்புகளும் கம்பெனியும் சேர்ந்து 'நல்ல அண்டைவீட்டார் ஒப்பந்தம்'னு ஒண்ணு போட்டாங்க. வெறும் வாக்குறுதி இல்லை, கோர்ட்டில் செல்லும் பத்திரம். ஆற்றுத் தண்ணீரில் மாசு அரசு வரம்பைத் தொடுவதற்கு முன்பே கம்பெனி நடவடிக்கை எடுக்கணும். ஊர்க்காரர்கள் தங்களுக்கு நம்பிக்கையான நிபுணரை வைத்துக்கொள்ளலாம், செலவு கம்பெனியுடையது. குறுகலான ரோட்டில் நெரிசல் வராமல் தொழிலாளர்களை பஸ்ஸில் கூட்டிப் போகணும். 2017-ல் தென்னாப்பிரிக்காவின் சிபான்யே அந்தச் சுரங்கத்தை வாங்கினபோதும் ஒப்பந்தம் கூடவே போச்சு.

சுரங்கம் நடக்குது, ஆறும் ஓடுது. எல்லாம் சொர்க்கம்னு சொல்லலை. ஆனா கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிச்சுச் சொல்ல ஊர் பக்கம் ஒரு ஆள் இருக்கார், அவருக்குச் சம்பளமும் வருது. ஸ்கூல் பார்க்கிங்கில் டென்ட் போட்டு பீட்சா கொடுத்து 'உங்க கருத்து முக்கியம்'னு சொல்ற கூட்டத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், தமிழிப் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணர் சிற்பம், சுமார் 250 வகைப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பர் 7-ம் தேதி, அந்த இடமும் அடங்கிய டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் பெற்றதாக மத்திய அரசு அறிவித்தது. ஊர் ஜனத்துக்கு விஷயமே செய்தியாகத்தான் தெரிய வந்தது. அங்கேதான் தப்பு ஆரம்பிக்குது: ஏலம் முடிச்சுட்டு அப்புறமா கருத்துக் கேட்பது.

கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7-ம் தேதி விவசாயிகள் மதுரைக்கு நடந்தே பேரணியாகப் போனாங்க. ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து. கிராம சபையில் கையெழுத்துப் போட்ட நம்ம அத்தை மாமா யாருக்கும் குபர்டினோக்காரங்களோட வசதி கிடையாது, வக்கீலும் கிடையாது. ஆனா கிராம சபைன்னு ஒரு இடம் இருந்தது, அதில் உட்கார்ந்து பேசிப் பழக்கமும் இருந்தது.

டங்ஸ்டன் வேண்டாமான்னு கேட்டால், வேணும். துளையிடற கருவியிலிருந்து சிப் வரைக்கும் போகுது. அதனால்தான் கேட்பது முன்னாடியே நடக்கணும்கறேன்.

டெக்சாஸ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆஸ்டின், சான் அன்டோனியோ வளர வளர ஹில் கன்ட்ரியில் ஜல்லிக் குவாரிகளும் வளருது. கலிஃபோர்னியா மாதிரி, தோண்டி முடிச்சா சீர்செய்தே ஆகணும்னு மாநிலம் முழுக்கப் பொதுவான சட்டம் அங்கே குவாரிகளுக்கு இல்லை. அதனால் காற்று அனுமதிக்கான அறிவிப்பு வரும்போதே பொதுக்கூட்டம் கேளுங்க. நியூ ஜெர்சிக்காரங்களுக்கு வேற கொடுப்பினை. ஆக்டன்ஸ்பர்க்கில் 1986-ல் மூடின ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கம் இப்போ மியூசியம். இருட்டில் பச்சையும் சிவப்புமா ஒளிரும் கல்லைப் பார்த்தா பசங்க வரமாட்டேன்னு அடம் பிடிப்பாங்க.

பே ஏரியாவில் அடுத்த விசாரணை வரும்போது போகலாமான்னு கேட்கறவங்களுக்கு: போகலாம். கலிஃபோர்னியாவில் கவுன்டி, நகரக் கூட்டங்களில் பேச சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை. ஹெச்-1பி, கிரீன் கார்டு, விசிட்டர் விசாவில் வந்திருக்கிற தாத்தா பாட்டி, யாரும் பேசலாம். பேர் சொல்லணும்னு கட்டாயமும் இல்லை. வழக்கமா ஆளுக்கு ரெண்டு நிமிஷம் இல்லை மூணு நிமிஷம். குவாரி பார்த்த ஊரிலிருந்து வந்த பாட்டி தமிழில் பேசி நீங்க மொழிபெயர்த்தால், கூட்டத்தில் உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத பட்சத்தில், சட்டப்படி அவங்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் கொடுக்கணும்.